பேறுகாலப் பை



ஆண்டு விழா மேடையில் குறளையும் சிலம்பையும் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் ஒரு துணிப்பையைப் பற்றிப் பேச முற்படுகிறோம். பிள்ளைப்பேற்றுக்காக மருத்துவமனை செல்லும் பெண் உடன் கொண்டு போகும் பை அது. அற்பப் பொருள் என்று அதனை ஒதுக்கிவிட வேண்டா.

தலைப்பேறு தாய்வீட்டில் என்பது நம் மரபு. ஊரில் அப்பையைக் கட்டியவர் பெண்ணைப் பெற்றவர். இன்னது வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஒன்று விட்டுப்போயினும் அடுத்த வீட்டு அத்தை ஓடோடிக் கொணர்வார். புனேயில் குடியேறிய நமக்கு அந்த அத்தை இல்லை. கணவனும் மனைவியும் அலுவலுக்குச் செல்லும் குடும்பங்கள் பல. தாயார் சென்னையிலிருந்து வண்டியேறி வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். குழந்தையோ மருத்துவர் குறித்த நாள்வரை காத்திருப்பதில்லை. 37 வாரம் நிறைந்தபின் எந்நாளும் பிறக்கலாம், சில வேளை அதற்கு முன்னரும். ஆதலின், தாயார் வந்து கட்டட்டும் என்று இராமல், எட்டாம் மாதம் முடியுமுன் பை கட்டுண்டு கதவருகே இருத்தல் வேண்டும்.

பேறுகாலத் துன்பத்தை இம்மாநிலம் நன்கு அறியும். ஆனந்திபாய் ஜோஷி 14 வயதில் ஈன்ற குழந்தை உரிய மருத்துவமின்றிப் பத்தே நாளில் இறந்தது. அத்துயரே அவரை 1886இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெறச் செய்தது. மறு ஆண்டே இந்நகரில் மறைந்தார், வயது 21. பின்னர் 1912இல் ராஸ்தா பேட்டில் சிறியதொரு பேறுகால மருத்துவமனையாகத் தோன்றியது கே.இ.எம். மருத்துவமனை. 1944இல் அங்கே பணியேற்ற டாக்டர் பானூ கோயாஜி, நாற்பது படுக்கைகள் கொண்டிருந்த அதனை ஐந்நூறுக்கு மேற்பட்ட படுக்கைகள் உடையதாக வளர்த்தார். 1993இல் மகசேசே விருதும் பெற்றார். அது நிற்கும் சாலையின் பெயர் சர்தார் முதலியார் சாலை என்பதைக் காணும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி!

அரசே பை கொடுத்த நாடுகளும் உண்டு. பின்லாந்தில் 1938 முதல் ஏழைத் தாய்மார்க்கும், 1949 முதல் அனைத்துத் தாய்மார்க்கும் குழந்தைத் துணிகள் நிறைந்த பெட்டி வழங்கப்பட்டது. கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே மருத்துவரைக் காண வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. பெட்டியைக் காட்டிப் பெண்களை மருத்துவரிடம் வரவழைத்த அறிவை என்னென்பது! நம் தமிழகமும் 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள் கொண்ட பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது. கொசுவலையும், கிலுகிலுப்பையும், தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தன. லேகியத்தை மறவாதவர் நம்மவரே!

இங்கே நம் பையில் என்ன வைப்பது? துணி பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டித் துணியினும் மெல்லியது கடையில் கிடையாது. ஆனால் ஒன்று: மார்கழி, தை இரவுகளில் புனேயின் குளிர் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். கடற்கரை ஊரிலிருந்து வரும் பாட்டி இதனை அறியார். குல்லாயும் கம்பளித் துணியும் கட்டாயம் வேண்டும். சேனை வைப்பதற்கென்று தேன்புட்டியை மட்டும் வைத்தல் ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் தேனிலுள்ள நச்சுக்கிருமி வித்துகள் முளைத்துக் கேடு செய்யும். முதலில் ஊட்டத் தக்கது தாயின் சீம்பாலே.

துணியைக் காட்டிலும் தாள்கள் முதன்மையானவை. துணியை அயலார் கொடுத்து உதவுவர்; தாளை எவர் கொடுப்பார்? தாய் சேய் பாதுகாப்பு அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பிரிவு குறித்த தாள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவாகவும் குழந்தையினது பாசிட்டிவாகவும் இருப்பின், 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடவேண்டும். போடாது விட்டால் அடுத்த கருவுக்கு ஆபத்து. சோதனை ஓர் ஊரிலும் பேறு மற்றோர் ஊருமாக அமையும் நம் போன்றோர்க்கு அத்தாளின் அருமை பெரிது.

தமிழ் மட்டும் அறிந்த தாயார் துணையிருப்பாராயின், சில மராத்திச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி வையுங்கள். இடுப்புவலிக்குக் ‘களா’ என்பர், குழந்தையைச் சுற்றும் துணி ‘துபட்டே’, சட்டை ‘ஜபலே’. நள்ளிரவில் செவிலியர் கேட்பது விளங்கினால் பாதி அச்சம் தீரும்.

இன்னொரு தாளும் உண்டு. குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பதிவது பிறந்த ஊரிலேயே, சொந்த ஊரில் அன்று. இங்குள்ளவர் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கேட்பர். நமக்கோ முதலெழுத்து ஒன்றே உண்டு! அவசரத்தில் ஒருவர் ஊர்ப்பெயரை எழுதுவார். மற்றொருவர் பாட்டனார் பெயரை எழுதுவார். பின்னர் பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் தொல்லை தொடரும். பெற்றோர் பெயர்களை ஆதாரில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதி, அதே உறையில் வையுங்கள். குழந்தையின் பெயரை முடிவு செய்ய அவசரமில்லை. பதிவு முடிந்தபின் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் ஊரிலிருந்து இரு பாட்டிமாரும் வந்து வழக்காடி முடித்திருப்பர்.