திரைப்படமும் பெற்றோர் முகமும்

(பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஒரு குடும்பம் திரைப்படத்திற்குப் புறப்படுமுன் பலவற்றைக் கணக்கிடுகின்றது. நுழைவுச்சீட்டுக்கு எவ்வளவு, போக்குவரவுக்கு எவ்வளவு, இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் தின்பண்டத்திற்கு எவ்வளவு என்றெல்லாம் தந்தை விரல்மடித்து எண்ணுகின்றார். படம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளை தன் உள்ளத்தில் எதைச் சுமந்து வருகின்றது என்பதை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 'பொழுதுபோக்குத்தானே!' என்னும் ஒரு சொல்லோடு அக்கணக்கு முடிந்துவிடுகின்றது.

திரையரங்கின் இருளில் அமர்ந்திருக்கும் சிறுபிள்ளையை உற்று நோக்குங்கள். அது திரையையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அச்சந்தரும் காட்சி வந்தால் தாயின் கையைப் பற்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கின்றது. அரங்கமே சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கின்றார்கள் என்று விளங்காமல் தந்தையின் முகத்தைப் பார்க்கின்றது. தந்தை சிரித்தால் தானும் சிரிக்கின்றது. எது நகைக்கத்தக்கது, எது வெறுக்கத்தக்கது, எது போற்றத்தக்கது என்னும் பாடத்தில் ஒரு பாதியைத் திரை கற்பிக்கின்றது. மறுபாதியைப் பெற்றோர் முகம் கற்பிக்கின்றது. அந்த மறுபாதியைப் பற்றியதே இவ்வுரை.

தமிழில் பேசும் படம் 1931ஆம் ஆண்டில் வந்தது. 'காளிதாசு' என்னும் அப்படத்தில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்தது. அதனைத் தொடர்ந்து வந்த பழங்கதைப் படங்கள் பலவற்றில் வடசொல் மலிந்த மணிப்பவள நடையே கோலோச்சியது. 1949இல் அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி'யும், 1952இல் கலைஞர் கருணாநிதி உரையாடல் எழுதிய 'பராசக்தி'யும் வந்தபோது, தமிழ் உரையாடலைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டனர். 'பராசக்தி'யின் வழக்குமன்றப் பேச்சை மனப்பாடமாக ஒப்பித்த இளைஞர்கள் ஊர்தோறும் இருந்தனர்.

அக்காலத்துச் சிற்றூர்க் கொட்டகையில் தரைமணலே இருக்கை. ஆண்களுக்கொரு புறமும் பெண்களுக்கொரு புறமுமாகத் தடுத்திருப்பர். படக்கருவி ஒன்றே இருந்த கொட்டகைகளில் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கெரியும். வாயிலில் மலிவு விலைக்குப் பாட்டுப் பொத்தகம் கிடைக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பிள்ளை அதனை வாங்கி வந்து பாட்டிக்குப் படித்துக் காட்டும். இரவில் கால்நடையாகவோ மாட்டுவண்டியிலோ வீடு திரும்பும் வழியெல்லாம் படத்தைப் பற்றிய பேச்சே. 'அவன் அண்ணனுக்குச் செய்தது சரியா?' என்று பாட்டி கேட்பாள், 'சரியில்லை' என்று பேரன் சொல்வான், 'ஏன்?' என்று அவள் மேலும் கேட்பாள். அக்காலப் படங்கள் யாவும் சிறந்தவை என்று சொல்வதற்கில்லை. மூடக்கருத்துகளைப் பரப்பிய படங்களும், பெண்ணை அடிமையாகக் காட்டிய படங்களும் அன்றும் இருந்தன. ஆயினும், படத்தின் தீமையை அந்த வழிப்பேச்சு ஓரளவு மாற்றியது.

இன்று இருக்கை மெத்தையாயிற்று; அரங்கு குளிர்ந்தது; ஒலி நாற்புறமும் சூழ்ந்தது. வழிப்பேச்சு மறைந்தது. படம் முடிந்து வண்டியில் ஏறியதும் ஆளுக்கொரு கைப்பேசியில் ஆழ்ந்துவிடுகின்றனர். வீட்டிலோ, இணையவழி வரும் படங்களைத் தாய் ஓர் அறையிலும் மகன் மற்றோர் அறையிலும் தனித்தனியே பார்க்கின்றனர். தம் பிள்ளை என்ன பார்க்கின்றது என்பதே அறியாத பெற்றோர், அதனை எவ்வாறு பார்க்கின்றது என்பதை எங்ஙனம் அறிவர்?

'அரசு தணிக்கை செய்துதானே வெளியிடுகின்றது?' என்று சிலர் வினவலாம். பெற்றோர் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கத்தக்க படங்களுக்கெனத் தனிப் பிரிவு 1983இல் ஏற்பட்டது. 2024இல் அதனை 7, 13, 16 என்னும் அகவைகளை வைத்து மூன்றாகப் பிரித்தனர். இதன் பொருள் என்ன? முடிவு செய்யும் பொறுப்பைச் சட்டமே பெற்றோரிடம் ஒப்படைத்திருக்கின்றது என்பதுதான். சான்றிதழிலுள்ள எண்ணைப் படித்துப் பார்க்காமல் நள்ளிரவுக் காட்சிக்குப் பாலகனைத் தூக்கிச் செல்லும் தந்தை, அப்பொறுப்பைத் திரையரங்கின் வாயிலிலேயே இறக்கி வைத்துவிடுகின்றார்.

இனி, பெற்றோர் முகம் தவறாகப் பேசும் இடங்கள் சிலவற்றைக் காண்போம்.

திக்கிப் பேசுபவனையும், கருநிறத்தவளையும், பருத்த உடலினரையும் இகழ்ந்து நகைச்சுவை செய்யும்போது தந்தை வாய்விட்டுச் சிரிக்கின்றார். மறுநாள் பள்ளியில் அவர் மகன் அதே சொல்லால் தன் தோழனைக் குத்துகின்றான். விருப்பமில்லை என்று மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாகத் துரத்துவதைக் கதைத்தலைவனின் காதல் என்று காட்டும்போது தாய் வாய்மூடி இருக்கின்றாள். அருகிலிருக்கும் மகள், 'இதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் போலும்' என்றும், மகன், 'இவ்வாறு செய்யலாம் போலும்' என்றும் கற்றுக்கொள்கின்றனர்.

நடிகரை வழிபடும் மயக்கமும் பெற்றோர் தோளில் ஏறியே பிள்ளையிடம் செல்கின்றது. 2024ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள் இரவு, ஐதராபாத்தில் ஒரு படத்தின் சிறப்புக் காட்சிக்கு நடிகர் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில், குடும்பத்தோடு படம் பார்க்க வந்த ஒரு தாய் உயிரிழந்தார். அவருடைய சிறு மகன் உயிருக்குப் போராடும் நிலையை அடைந்தான். மகிழ்ச்சிக்காகப் புறப்பட்ட குடும்பத்திற்கு நேர்ந்த கொடுமை அது. பழி அத்தாயினுடையதன்று, நடிகரைக் காண்பதையே பெரும்பேறாக்கிவிட்ட சூழல், அக்குடும்பத்தைப் போன்ற எத்தனையோ குடும்பங்களை நெரிசலுக்குள் இழுத்துச் செல்கின்றது.

எல்லாவற்றினும் நுட்பமாக நுழையும் கேடு ஒன்றுண்டு. திரையில் தமிழாசிரியர் வந்தாலே நகைப்புப் பொருளாகின்றார். நல்ல தமிழில் ஒருவன் பேசினால் அவன் கோமாளி. ஆங்கிலம் கலந்து பேசினால் அவன் அறிவாளி. இக்காட்சிக்குத் தமிழ்த்தந்தையே சிரித்தால், மகன் உள்ளத்தில் தாய்மொழியைப் பற்றிய நாணம் வித்தாக விழுகின்றது. 2006இல் தமிழ்ப் பெயர் தாங்கிய படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. பிறமொழிப் பெயர்கள் சில அதனால் தமிழாயின. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் அந்த வரியமைப்பு மாறிவிட்டது. அரசின் ஆணை படத்தின் பெயர்ப்பலகை வரைதான் செல்லும். பிள்ளையின் நாவரைக்கும் செல்லவல்லவர் பெற்றோர்தாம்.

அப்படியானால் படமே பார்க்க வேண்டாவா? பார்க்க வேண்டும், தேர்ந்து பார்க்க வேண்டும். 2015இல் திரைக்கு வந்த 'காக்கா முட்டை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சேரிச் சிறுவர் இருவர் 'பீட்சா' என்னும் வெளிநாட்டு அப்பத்தின் மேல் ஆசை கொள்கின்றனர். இருப்புப்பாதை ஓரத்தில் நிலக்கரி பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கின்றனர். காசோடு சென்றும், கடைக்குள் நுழைய விடாமல் அவர்களை விரட்டுகின்றனர். இறுதியில் அதனைத் தின்று பார்க்கும்போதோ, பாட்டி சுட்டுத் தந்த தோசையே மேல் என்று தோன்றுகின்றது. இப்படத்தைப் பார்த்த பிள்ளையிடம், 'காசிருந்தும் ஏன் அவர்களை உள்ளே விடவில்லை?' என்று ஒரே ஒரு வினாவைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரம் எப்படி ஆசையை மூட்டுகின்றது என்பதையும், ஏழ்மையை உலகம் எப்படி நடத்துகின்றது என்பதையும் அப்பிள்ளையே உங்களுக்கு எடுத்துரைக்கும்.

நல்ல படம் வருவதில்லை என்று குறைகூறுவோர் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். வ.உ.சி.யின் ஈகவாழ்வைக் காட்டிய 'கப்பலோட்டிய தமிழன்' 1961இல் வந்தபோது போதிய வருவாய் ஈட்டவில்லை. இன்று எல்லாரும் அதனைப் போற்றுகின்றனர். அன்று போய்ப் பார்த்தவர் குறைவு. பெற்றோர் வாங்கும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டும், 'இத்தகைய படம் இன்னும் எடுங்கள்' என்று படமெடுப்பவர்க்கு விடுக்கும் ஓலையாகும்.

ஆகவே பெற்றோர்களே! போகுமுன் படம் எத்தகையது என்று கேட்டறியுங்கள். அரங்கினுள், சிரிக்கத் தகாததற்குச் சிரிக்காதீர்கள். உங்கள் முகத்தை ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கின்றது. திரும்பும் வழியில் கைப்பேசியை உறையிலிட்டு, 'உனக்கு எது பிடித்தது? எது பிடிக்கவில்லை? ஏன்?' என்று நல்ல தமிழில் கேளுங்கள். பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேட்டபின், உங்கள் கருத்தைக் கூறுங்கள். ஒரு பொருளைப் பற்றித் தானே எண்ணித் தன் தாய்மொழியில் எடுத்துச் சொல்லப் பழகிய பிள்ளையை எந்தத் திரையும் எளிதில் மயக்கிவிட முடியாது. அரைமணி நேர வழிப்பேச்சு அது. அதற்கு நுழைவுச்சீட்டும் வேண்டுவதில்லை.

வாழ்க தமிழ்! வளர்க இளந்தலைமுறை!