நீல வட்டத்தில் வரையாமல் விட்ட சாவித்துளை

திருவனந்தபுரம் ஆரியசாலையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தால் கண்ணுக்கு ஓய்வே கிடைக்காது. திவான் ராஜா கேசவதாஸ் காலத்திலிருந்து, இருநூறு வருஷத்துக்கு மேலாக வியாபாரம் நடக்கிற தெரு. மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று போர்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இந்த நெரிசலிலும் பத்துக் கடை தள்ளி நின்றே தெரிந்துவிடுகிற சின்னம் ஒன்று உண்டு: ஸ்டேட் பாங்கின் நீல வட்டம். இன்றைக்கு அதன் கதையைப் பேசுவோம்.

1955 ஜூலை 1-ம் தேதி இம்பீரியல் பாங்க், ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா ஆனது. அப்போது அதன் சின்னம் ஆலமரம். அர்த்தமுள்ள சின்னம்தான். ஆனால் ரப்பர் முத்திரையளவுக்குச் சுருக்கினால் கிளையும் விழுதும் எது எதுவென்று தெரியாமல் அப்பிக்கொள்ளும். 1971-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத், புதிய சின்னத்தை வடிவமைத்தார். திருவனந்தபுரத்தில் தலைமையகம் வைத்திருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரும் இதே வட்டத்தைத்தான் தாங்கியது. அதனால் 2017 ஏப்ரல் 1-ல் அது ஸ்டேட் பாங்கோடு இணைந்தபோது, நம் ஊர்க்காரர்களுக்குப் போர்டில் பெயர்தான் புதிது.

இப்போது அந்தச் சின்னத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். நீல வட்டம். நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம். அதிலிருந்து நேர் கீழே ஒரு வெள்ளைக் கீற்று. எல்லோருக்கும் சாவித்துளை மாதிரித் தெரிகிறது. ஆனால் வெள்ளைத் தாளில் அச்சிடும்போது அந்த வெள்ளையை யாரும் பூசுவதில்லை. நீலம் படாமல் விட்ட இடம் அது. இன்னும் கவனியுங்கள்: கீற்று வட்டத்தின் அடிவிளிம்பை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, சுற்றியிருக்கும் வெள்ளையோடு கலந்துவிடுகிறது. உள்ளே உருவமாக நிற்பதும் வெளியே வெறும் பின்புலமாகக் கிடப்பதும் ஒரே வெள்ளை. எந்த இடத்தில் ஒன்று மற்றொன்றாகிறது என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

அகமதாபாத் காங்கரியா ஏரியை மேலிருந்து பார்த்து வரைந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. ஏரி நடுவே தீவும், அதற்கொரு பாதையும் இருப்பதால் கதை ஒட்டிக்கொண்டது. அதைவிடக் கேட்க வேண்டிய கேள்வி, பூசாத இடத்தைக் கண் ஏன் ஒரு பொருளாக எடுத்துக்கொள்கிறது என்பதே.

டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915-ல் வெளியிட்ட ஆய்வில் இதை முறையாக எழுதினார். ஒரு பார்வைக்கு ஜாடி, மறு பார்வைக்கு எதிரெதிரே இரண்டு முகம் – அவர் பெயரால் வழங்கும் படம். அந்த வித்தை அவருக்கு முன்பே இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே, மன்னர் பதினாறாம் லூயி குடும்பத்தாரின் முகங்களைத் தாழியின் ஓரத்தில் ஒளித்துவைத்துப் படம் அச்சிட்டிருக்கிறார்கள். ரூபின் அதிலிருந்த விதிகளை எடுத்துச் சொன்னார். இரண்டு பரப்புக்கு நடுவிலுள்ள எல்லைக்கோடு, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தம். சொந்தமான பக்கம் உருவமாகி முன்னே வரும். மற்றது அதற்குப் பின்னாலும் தொடர்வதாகத் தோன்றும். சிறியதும், சூழப்பட்டதும், இருபுறமும் ஒத்திருப்பதும் உருவமாகிவிடும் வாய்ப்பு அதிகம். காமத்தின் வெள்ளைக்கு இந்த மூன்றும் பொருந்துகின்றன. கீழே திறந்திருக்கும் அந்த வாயைத் தவிர.

எல்லை யாருக்குச் சொந்தம் என்பது வெறும் பேச்சு வழக்கல்ல. 2000-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரூடிகர் ஃபான் டெர் ஹைட் குழுவினர், குரங்கின் மூளைப் பார்வைப் பகுதியில் இதற்கென்றே துடிக்கிற செல்களைக் கண்டார்கள். ஒரே விளிம்புதான். உருவம் அதன் இடப்பக்கம் இருந்தால் ஒரு செல் வேகமாகத் துடிக்கும். வலப்பக்கம் இருந்தால் அடங்கிவிடும்.

தாராசுரம் கோயிலின் ரிஷபகுஞ்சரச் சிற்பத்தையும் இந்த வகையில் சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்க்க மாட்டேன். அங்கே ஒரே தலை காளைக்கும் யானைக்கும் பொதுவாகிறது. பின்னால் உள்ள கல் கல்லாகவேதான் இருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், சாக்கு மூட்டையில் குறி போடுகிற தகர அச்சைத்தான் காட்டுவேன். தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, மேலே மையை ஒற்றுவார்கள். சுழியுள்ள எழுத்தை அப்படியே வெட்டினால் சுழிக்கு நடுவிலுள்ள துண்டு கழன்று விழுந்துவிடும். சாக்கில் சுழிக்குப் பதில் ஒரு மைத்திட்டுதான் பதியும். அதனால் வெட்டுகிறவர் அங்கங்கே மெல்லிய தகரப் பாலங்களை விட்டுவைக்கிறார். பாலம் ரொம்ப மெலிந்தால் பத்து மூட்டைக்குள் வளைந்துவிடும். தடித்தாலோ, எழுத்து துண்டு துண்டாகி வேறெதுவோ ஆகிவிடும். உளி வைக்குமுன் அவர் கணக்குப் போடுவது, மை படக்கூடாத இடத்துக்குத்தான்.