மைதானத்தில் ஒரு பிற்பகல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கீதத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபொழுது, "பார்ஸல் ஆபீஸில் ரசீது எழுதுபவனுக்கு ராகம் என்ன தெரியும்?" என்று கேட்டேன். "கேட்டதைச் சொல்லுங்கள், போதும்" என்றார். ஆகவே, சென்ற டிசம்பரில் நம் புனே நகரில் நடந்த ஸவாயி கந்தர்வ பீம்ஸேன் விழாவில் ஒரு பிற்பகல் நான் கேட்டதையே கூறுகிறேன்.

முகுந்த நகரில் ஒரு விளையாட்டு மைதானம். அதன்மீது பெரும் பந்தல். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மக்கள் பாயும் தண்ணீர்ப் புட்டியும் தின்பண்டப் பொட்டலமுமாக வந்து சேர்ந்துவிட்டனர். நாற்காலிக்குக் கட்டணம் அதிகம். தரையில் அமர்வோருக்குக் குறைவு. நானும் என் மனைவியும் தரையில்தான் அமர்ந்தோம். தாத்தாக்கள் சுவடி போலச் சிறு நோட்டுப் புத்தகத்தில் ராகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டனர். கைக்குழந்தை தாயின் மடியில் உறங்கியது.

இவ்விழா தொடங்கிய ஆண்டு 1953. அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த தம் குருநாதர் ஸவாயி கந்தர்வரின் நினைவாக இதனைத் தொடங்கியவர் பீம்ஸேன் ஜோஷி. 'ஸவாயி' என்றால் ஒன்றேகால் என்று பொருள். கந்தர்வனிலும் கால் பங்கு மேல் என்பது பட்டத்தின் பெருமை. பீம்ஸேன் சிறுவனாயிருக்கையில் குருவைத் தேடி வீட்டை விட்டோடி, டிக்கெட் இன்றி, பிரயாணிகளுக்குப் பாடிக் காட்டியே ரயிலில் ஊர் ஊராகச் சென்றவர். ரயில்வே ஊழியன் என்ற முறையில் இதை நான் பாராட்டக் கூடாது. ஆயினும் அப்பிள்ளையை இறக்கிவிடாத பரிசோதகர்கள் வாழ்க! அவருக்குப் பாரத ரத்னா விருது 2008-இல் அறிவிக்கப்பட்டது. 2011-இல் அவர் மறைந்தார்.

ஸவாயி கந்தர்வரின் குரு அப்துல் கரீம் கான். அவருக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பை நம்மவர் பலர் அறியார். தியாகராஜரின் கிருதியொன்றைக் கரஹரப்பிரியாவில் பாடி இசைத்தட்டில் பதிவு செய்தவர் அவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் செல்லும் வழியில் உடல் நலம் குன்றவே, சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். பிளாட்பாரத்திலேயே படுக்கையை விரித்து, தொழுகை செய்து, அங்கேயே உயிர் நீத்தார். செங்கற்பட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்நிலையத்தைக் கடக்கிறோம்.

விழா முன்பெல்லாம் இரவில் தொடங்கி விடியும் வரை நடந்ததென மூத்தோர் கூறுவர். ஒலிபெருக்கிக்கு இரவுக் கட்டுப்பாடு வந்தபின் கச்சேரிகள் பிற்பகலுக்கு நகர்ந்தன. விடியற்கால ராகங்களுக்கு அது நஷ்டமே. ஆனால் பிற்பகல் ராகங்களுக்கு மேடை கிடைத்தது.

அன்று ஓர் இளம் பாடகி எடுத்தவுடன், "ஆபேரி" என்று மனைவியிடம் மெல்லக் கூறினேன். பக்கத்திலிருந்த மராத்தியப் பெரியவர் திரும்பி, "பீம்பளாஸி" என்றார். நான் ஆபேரி என்றேன். அவர் பீம்பளாஸி என்றார். பின்பு இருவரும் சிரித்துவிட்டோம். அவர் வீட்டு எள்ளுருண்டை எங்களுக்கும், எங்கள் முறுக்கு அவருக்குமாகப் பங்கிடப்பட்டன. அடுத்து முல்தானி. நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்களே எனினும் நடை முற்றிலும் வேறு. பன்னிரண்டு மாத்திரை ஏக் தாளம் விளம்பத்தில் ஒரு சுற்று வருவதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். தொடையில் தாளம் போடுவார் எவருமில்லை. ஆனால் பாடகி சுழன்று சுழன்று வந்து 'ஸம்' என்னும் முதல் மாத்திரையில் இறங்கியதும், பந்தல் முழுவதும் ஒரே கணத்தில் தலை அசைந்தது. அவர்களுள் ராக இலக்கணம் கற்றவர் எத்தனை பேர் இருப்பர்? ஆண்டுதோறும் வந்து அமர்ந்தே காது பழகியிருக்கிறது. வெளியே சாலையில் லாரி முழங்கியது; பாடகி ஸட்ஜத்தில் நின்றுகொண்டே அது போகட்டுமெனக் காத்திருந்தார்.

இதை ஏன் விரிக்கிறேன் எனில், நம் நிர்வாகக் குழுவில் இப்பொழுது ஒரு யோசனை எழுந்துள்ளது. காலனி மைதானத்தில் நடத்தும் நம் இசை நிகழ்ச்சியை வரும் ஆண்டு முதல் நகரத்து மண்டபமொன்றுக்கு மாற்றலாமாம். புழுதி, எஞ்சின் கூவல், குழந்தைகளின் ஓட்டம், பாதியில் எழுந்து செல்லும் அயலார் ஆகியவை காரணங்கள். காரணங்கள் பொய்யல்ல. வீணைக் கச்சேரியை மண்டபத்தில் வைப்பதே முறை. திறந்த வெளியில் அந்த நாதம் கரைந்துவிடும். ஆயின் வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் அப்படியா? நான்கு வீதிகளிலும் இரவெல்லாம் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சுவரும் டிக்கெட்டும் வந்துவிட்டால் நாம் மட்டுமே நமக்குப் பாடிக்கொள்வோம். எதிர் வரிசைத் தெலுங்குக் குடும்பமும், பின் லைனில் வசிக்கும் பீகார்க் கேங்மேன்களும், மராத்தியில் சண்டையிட்டுத் தமிழில் உண்ணும் நம் பிள்ளைகளின் தோழர்களும் நகரத்து மண்டபத்துக்கு வாரார். சென்ற ஆண்டு நம் பந்தலோரம் கடைசி மங்களம் வரை நின்று கேட்டவர்களுள் தமிழறியாதவர் பலர். நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் அவர்களுக்கும் சேர்த்துச் சுண்டல் போதாமற் போனது தாய்மார்களுக்கு நினைவிருக்கும்.

பொதுக்குழு கூடும்போது என் வாக்கு மைதானத்துக்கே. பந்தல் வாடகையும் ஒலிபெருக்கி அனுமதிக்கு மனுச் செய்யும் முறையும் விசாரித்து வைத்துள்ளேன். ஜமக்காளங்களை நம் வீடுகளிலிருந்தே கொணரலாம். ரயில் கூவும்போது பாடகர் சற்றுக் காத்திருப்பார்.