இரும்புப் பட்டறையில் பிறந்த இசை
(வண்ணார்பேட்டையில் நிகழ்த்திய பேச்சு)



"என் மகன் ஏதோ இங்கிலீஷ் பாட்டுப் போடுகிறான், தகரத்தைப் போட்டு அடிப்பது போலிருக்கிறது" என்று ஒரு தோழர் குறைப்பட்டுக்கொண்டார். 'திராஷ் மெட்டல்' என்பது அந்த இசையின் பெயர். அதன் பூர்வீகத்தைக் கேட்டால் தோழருக்குக் கோபம் வராது. ஏனெனில், அதன் தாய் வீடே தகரப் பட்டறைதான்!

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்பது தொழில் நகரம். 1965-ல் அங்கே ஒரு தகட்டு ஆலையில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் வேலை பார்த்தான். அன்று அவனுக்குக் கடைசி நாள் வேலை. வராத ஆளின் எந்திரத்திலே அவனை நிறுத்தினார்கள். வலது கையின் இரண்டு விரல் நுனிகளை எந்திரம் கடித்துவிட்டது. அவனோ இடது கைக்காரன். கிட்டார் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்!

அவன் ஓயவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். மெல்லிய தந்தி பூட்டினான். பின்னாளில் தந்தியைத் தளர்த்தி மீட்டினான். 1970-ல் அவனுடைய 'பிளாக் சாபத்' குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. கனத்த அந்த இசையை 1980-களில் இளைஞர்கள் வேகமாக்கினார்கள், அதுவே திராஷ். அமெரிக்காவில் 'மெட்டாலிகா'வின் முதல் தட்டு 1983-ல் வந்தது. ஜெர்மனியில் 'சோடம்' குழுவின் பாடகர் டாம் ஏஞ்சல்ரிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். யுத்தத்தையும் அணுகுண்டையும் பற்றி இவர்கள் உரக்கப் பாடினார்கள்.

1991-ல் மெட்டாலிகா வேகத்தைக் குறைத்தது. தட்டு கோடிக்கணக்கில் விற்றது. ஆனால் பழைய அடி சாகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 'அமோர்ஃபியா' என்ற குழு அதே பழைய திராஷை எழுப்பியிருக்கிறது. 2018-ல் 'ஆர்ம்ஸ் டு டெத்', 2020-ல் 'மெர்சிலெஸ் ஸ்ட்ரைக்' என்று தட்டுகள் வந்தன.

பழையது எதற்கு என்பீர்கள். நம் ஊர்க் கொடையில் நையாண்டி மேளம் வேண்டாம், ரிக்கார்டு போதும் என்றால் ஒப்புவீர்களா? உடம்பில் இறங்கும் அடியை உழைப்பவன் விடமாட்டான்.

ஆனால் தோழர்களே, ஒன்றை மறக்கலாகாது. விரல் போன ஒருவன் இசை மேதையானான். விரல் போன மற்றவர்கள்? அவர்களுக்குத் தட்டும் இல்லை, கைதட்டும் இல்லை. ஆபத்தான எந்திரப் பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பழக்காத எந்திரத்தில் நிற்கச் சொன்னால், "முதலில் பழக்கு, தடுப்பைப் பூட்டு" என்று சேர்ந்து நின்று கேளுங்கள்.

பையன் பாட்டைக் கேட்கட்டும். டோனியின் விரல் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். நாளை எந்திரத்தின் முன் நிற்கப் போவது அவன் கையல்லவா!