வயிற்றில் நீர் கோர்த்தவரைப் பராமரிப்போம்



கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோர்த்தவர் வீட்டுக்கு உதவி கொண்டுபோனால், சில வீடுகளில் நோயையே மறைக்கிறார்கள். "குடிகாரர் என்று ஊர் பேசுமே" என்ற பயம். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும், சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலாலும் இது வரும். தவறான எண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அந்தப் பேச்சை நாமே நிறுத்துவோம்.

சமையலில் சேர்வது உட்பட ஒரு நாள் உப்பு ஒரு தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மருத்துவர் சொல்லாமல் பருப்பு, முட்டையை நிறுத்தாதீர்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்; சிறுநீரகம் கெடும். காய்ச்சல், வயிற்றுவலி, ரத்த வாந்தி, புத்தித் தடுமாற்றம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரமலானில் நோன்பு வைப்பேன் என்று அடம்பிடித்தால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை எடுத்துச் சொல்லுங்கள். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம்.

நீர் எடுக்கப் போக வண்டிச் செலவுக்குச் சிரமப்படுவோர் எங்களிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா தருவானாக. ஆமீன்.