வாசலைத் தாண்டிப் போகிறவர்கள்
(பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)



மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி நெருக்கமாகிறார்கள் என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். குணம் ஒத்துப்போனால் நட்பு வரும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். 1950-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எம்.ஐ.டி.யில் படிக்க வந்த, மணமான மாணவர்களுக்கு வெஸ்ட்கேட் என்றொரு குடியிருப்பு இருந்தது. காலியாகிற வீட்டில் குடியேற வேண்டியதுதான்; பக்கத்து வீட்டாரைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அங்கே போய், யாரோடு அதிகம் பழகுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். அடுத்த வீட்டாரை நண்பராகச் சொன்னவர்கள் 41 விழுக்காடு. ஒரு வீடு தள்ளியிருந்தால் 22. அதே தளத்தின் மறுகோடியென்றால் 10. மறுகோடி என்றதும் வெகுதூரம் என்று நினைக்காதீர்கள். தளத்துக்கு ஐந்தே வீடுகள், நூறு அடிகூட இல்லை! படிக்கட்டின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மாடி வீட்டாரோடும் கூடுதல் பழக்கம் இருந்தது. மாடிக்குப் போகிறவர் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போகவேண்டும்?

அங் மோ கியோவில் எங்கள் வீடு ஏழாம் மாடி. அக்காலத்து மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. உம்மா சந்தைக் கூடையோடு ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏறுவார். ஆறாம் மாடிப் படியோரத்து வீட்டுச் சீன மூதாட்டி அவருக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பார். பாசார் மலாயில்தான் பேச்சு. பெருநாளைக்கு அங்கே பலகாரம் போகும். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வரும். பிறகு மேம்பாட்டுத் திட்டத்தில் மின்தூக்கி எங்கள் மாடியிலேயே நின்றது. உம்மாவின் முழங்காலுக்குப் பெரிய நிம்மதி, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூதாட்டி இறந்தது மூன்று வாரம் கழித்து, காய்கறிக் கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. சண்டை, மனக்கசப்பு எதுவும் இல்லை. நடக்கும் வழி மாறிப்போயிருந்தது. அன்று உம்மா சாப்பிடவில்லை.

பக்கத்தில் இருந்தாலே பாசம் வந்துவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. 1976-இல் கலிஃபோர்னியாவில் நடந்த இன்னோர் ஆய்வில், பிடிக்காதவர்களும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்தார்கள்! நடைபாதையில் பூந்தொட்டி வைத்துச் சண்டை போட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன்.

இப்போது நம் விஷயம். வரும் ரமலானில் நோன்புக் கஞ்சியை வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்ற யோசனை நிர்வாகக் குழுவின் முன் இருக்கிறது. நல்லெண்ணத்தில் எழுந்ததுதான். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவசியம் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு அந்த வரிசையை எடுத்துவிடாதீர்கள். சங்கம் தொடங்கியபோது நம் பெற்றோர் பலர் நடக்கிற தூரத்தில் குடியிருந்தார்கள். இன்று உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், ஜூரோங் என்று ஆளுக்கொரு பக்கம். நமக்கென்று மிஞ்சியிருக்கும் படிக்கட்டு அந்த வரிசைதான்.

போன ஆண்டு ஒரு நாள் கஞ்சி அரைமணி நேரம் தாமதமானது. பலர் கோபித்துக்கொண்டீர்கள். அந்த அரைமணியில்தான், என் தந்தையின் பழைய நண்பர் ஆறு மாதமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிறார் என்பதை, முன்னால் நின்ற அவருடைய பேரன் சொல்லி அறிந்தேன். மறுநாளே போய்ப் பார்த்தேன்.

என் வாக்கு வரிசைக்குத்தான்.