தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சாக்கடைக் குழாய்

இன்னைக்குத் திருத்தணியிலிருந்து பேசுறேன். மேலே 365 படிகள். கீழே அரக்கோணம் - ரேணிகுண்டா ரயில் பாதை. ஆடிக் கிருத்திகைக்கு வர்றவங்க படிகளைப் பார்ப்பாங்க. குழாய் வேலை பார்த்த எனக்குக் கண்ணு தண்டவாளத்து மேலதான் போகும்.

இங்கே ஒரு பாதாளச் சாக்கடைக் குழாய் அந்தத் தண்டவாளத்தைக் கடக்கணும்னு வெச்சுக்குங்க. நகராட்சி தோண்டிப் போட வேண்டியதுதானே? முடியாது. அந்த நிலம் ரயில்வேயோடது. 'வே லீவ்' அனுமதி வாங்கணும்: வரைபடம், கட்டணம், ஒப்பந்தம். அதுல கிடைக்கிறது குழாய் கொண்டுபோற உரிமம் மட்டும். நிலத்துல பாத்தியதை கிடையாது. ரயில் ஓடணுமே, அதனால மேலே வெட்டாம, பக்கத்துல குழி எடுத்து, ஜாக்கி வெச்சு உறைக்குழாயைத் தள்ளி, அதுக்குள்ள நம்ம குழாயை விடுவாங்க. குடிநீர்க் குழாயை ஏத்தி இறக்கலாம், அழுத்தம் பார்த்துக்கும். சாக்கடை வாட்டத்துலதான் ஓடும். ரயில்வே ஆழத்தை மாத்தச் சொன்னா, பின்னாடி இருக்கிற தெருக்களோட கணக்கும் மாறும்.

அதே குழாய் ரயில்வேக்கு இடைஞ்சலா இருந்தா? 1989 ரயில்வே சட்டம், 12-ஆம் பிரிவு: குழாயை இடம் மாத்துற அதிகாரம் அவங்களுக்கே உண்டு. ஆனா முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கணும். குழாயைப் பராமரிக்கிற உள்ளாட்சிக்கு நியாயமான திருப்தி வர்ற மாதிரி வேலையை முடிக்கணும். இந்தத் 'திருப்தி'ங்கிற வார்த்தையை நம்ம நகராட்சிகள் கெட்டியாப் பிடிச்சுக்கணும்னு நான் சொல்லுவேன்.

வேற ஒரு ஊர்ல நான் மேற்பார்வை பார்த்த வேலை. தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் குழாய் போட்டு, ரோடும் மூடியாச்சு. நடுத்துண்டுக்கு அனுமதி வரலை. ஏன்னா விண்ணப்பமே கடைசியிலதான் போச்சு. அதுக்குள்ள வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்துட்டாங்க. ஒரு நாள் காலையில குழி பொங்கிடுச்சு. ஒப்பந்தக்காரர் ஒருத்தரைக் கயிறு கட்டி இறக்கப் பார்த்தார். பாதுகாப்புச் சாதனம் இல்லாம சாக்கடைக்குள்ள ஆளை இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். கத்தி நிறுத்தினேன். உறிஞ்சுற லாரி வர மூணு மணி நேரமாச்சு. "என் கூலி போச்சே சார்"னு அந்தத் தம்பி என்கிட்டத்தான் கோவிச்சுக்கிட்டார்.

உங்க தெருக் குழாயும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நிக்குதா? தகவல் உரிமைச் சட்டத்துல, பத்து ரூபாய் கட்டணத்தோட, நகராட்சிக்கு ஒரு மனு, ரயில்வேக்கு ஒரு மனு போடுங்க. அனுமதி கேட்டது எந்தத் தேதி, பதில் போனது எந்தத் தேதி? 30 நாள்ல பதில் வரணும். ரெண்டு பதிலையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.